தந்தையும் தனயனும் ஓடிய ஓட்டம்

ஒலிம்பிக் விழாவின் ஓட்டப் போட்டிகளுள் மிக நீண்டது மரதன் ஓட்டமாகும். அதன் தூரம் 26 மைல் 385 யார். 1908-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஓடப்பெற்ற இத்தூரமே 1921-இல் நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஓடுபவரின் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டுள்ள மாச்சத்து, பெரும்பாலும் இருபதாவது மைலை அண்மிக்கும்போது குன்றிவிடுகின்றது. அதன்பின் கால்கள் கல்லெனக் கனக்கும். எஞ்சிய தூரத்தைக் கடப்பதற்கு உள்ளத்தின் உறுதியும் வேண்டும். அவ்வுறுதி தனிமனிதன் ஒருவனின் நெஞ்சில் மட்டும் பிறப்பதா? அன்றி, அவனைச் சூழ்ந்து நிற்கும் குடும்பத்திலிருந்தும் ஊறி வருவதா? ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த ஹொயிற் குடும்பத்தினரின் வரலாறு இவ்வினாவுக்கு நல்லதொரு விடையாக அமைகின்றது.

1962-ஆம் ஆண்டில் டிக் ஹொயிற், ஜூடி தம்பதியருக்குத் தலைமகன் றிக் பிறந்தான். பிறக்கும் வேளையில் கொப்பூழ்க்கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டமையால் மூளைக்குப் போதிய பிராணவாயு கிட்டவில்லை. அதனால் அவனுக்கு மூளைவாதம் ஏற்பட்டது. கைகால்கள் வசப்படவில்லை, பேச்சும் வரவில்லை. பிள்ளையை ஒரு காப்பகத்தில் விட்டுவிடுவதே நன்று என வைத்தியர்கள் ஆலோசனை கூறினர். பெற்றோர் அதற்கு இணங்கவில்லை. தாங்கள் அறையில் நடமாடும்போதெல்லாம் மகனின் கண்கள் தங்களைப் பின்தொடர்வதை அவர்கள் கவனித்திருந்தனர். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துக்களைத் தொடச் செய்து தாய் அவனுக்கு நெடுங்கணக்கைக் கற்பித்தார். வீட்டிலுள்ள பொருள்கள்மீது அவற்றின் பெயர்களை எழுதி ஒட்டிவைத்தார்.

பேச இயலாத பிள்ளைக்கு விளங்கும் ஆற்றல் உண்டென்பதைப் பிறர் எளிதில் நம்பவில்லை. றவ்ற்ஸ் பல்கலைக்கழகப் பொறியியலாளரும் முதலில் ஐயுற்றனர். ஒரு வேடிக்கைக் கதை சொல்லிப் பாருங்கள் எனப் பெற்றோர் வேண்டினர். கதை முடிந்ததும் சிறுவன் வாய்விட்டுச் சிரித்தான்! ஐயம் அகன்றது. 1972-இல் அவனுக்கென ஒரு கணினி உருவாயிற்று. திரையில் எழுத்துக்கள் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டப்படும். வேண்டிய எழுத்து வந்ததும் தலையருகே உள்ள பொத்தானைத் தலையால் தட்டவேண்டும். இவ்வாறு அவன் அமைத்த முதல் வாசகம், பொஸ்ரன் நகரின் பனி ஹொக்கிக் குழுவுக்கான உற்சாக முழக்கமாகும். விளையாட்டில் அவனுக்கிருந்த விருப்பம் அன்றுதான் வீட்டாருக்கு முற்றாகப் புலனாயிற்று. 1975-இல், தனது பதின்மூன்றாவது வயதில், அவன் பொதுப் பாடசாலையிற் சேர்ந்தான்.

1977-இல், விபத்தொன்றில் உடல் செயலிழந்த விளையாட்டு வீரர் ஒருவருக்கு நிதி திரட்டும் பொருட்டு ஐந்து மைல் ஓட்டம் ஒன்று நடைபெற்றது. அதிற் பங்குபற்ற வேண்டுமென்று கேட்டவன் மகனே. தந்தையோ நெடுந்தூரம் ஓடிப் பழகியவரல்லர். எனினும் சக்கர நாற்காலியைத் தள்ளியவாறு ஓடி முடித்தார். கடைசிக்கு முந்திய இடமே கிடைத்தது. அன்றிரவு றிக், ஓடும்போது தனக்கு உடற்குறை இருப்பதாகவே தோன்றவில்லை எனக் கணினிவழி தெரிவித்தான். அச்சொல் தந்தையின் வாழ்வை மாற்றியது. மகன் பாடசாலையில் இருக்கும் நேரங்களில், நாற்காலியில் சீமெந்து மூட்டையை வைத்துத் தள்ளி அவர் பயிற்சி பெற்றார்.

1897-இல் தொடங்கிய பொஸ்ரன் மரதன், ஹொப்கின்ரன் என்னும் ஊரிலிருந்து புறப்படுவது. களைப்பு மேலிடும் கடைசிப் பகுதியிலேதான் நியூற்றன் மேடுகள் குறுக்கிடும். அப்போட்டியின் அமைப்பாளர் தொடக்கத்தில் இவ்விருவரையும் முறைப்படி சேர்த்துக்கொள்ளவில்லை. மகனின் வயதுப் பிரிவினருக்குரிய நேரத்திற்குள் ஓடிக்காட்டிய பின்னரே இடம் கிடைத்தது. 1992-இல் மற்றொரு மரதனை 2 மணி 40 நிமிடம் 47 வினாடியில் முடித்தனர். அடுத்த ஆண்டு றிக் பொஸ்ரன் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார்.

2013-ஆம் ஆண்டு ஹொப்கின்ரனில் இருவருக்கும் சிலை நிறுவப்பட்டது. அவ்வாண்டுப் பொஸ்ரன் ஓட்டமே தமது இறுதி ஓட்டம் என எண்ணியிருந்தனர். ஆனால், முடிவிடத்தருகே குண்டுகள் வெடித்தமையால் இடைவழியில் தடுத்து நிறுத்தப்பட்டனர். 2014-இல் மீண்டும் வந்து, தமது 32-ஆவது பொஸ்ரன் மரதனை நிறைவு செய்தனர். தந்தை 2021-இலும் மகன் 2023-இலும் காலமாயினர்.

நாற்காலியைத் தள்ளிய கரங்கள் தந்தையினுடையவை. ஓடவேண்டும் என்னும் விருப்பமோ மகனுடையது. அவ்விருப்பத்தை வெளியிட எழுத்தறிவு தந்தவர் தாய். தாங்கியவர் யார், தாங்கப்பட்டவர் யார் எனப் பிரித்துக் கூறுதல் இயலாது. முடிவிடத்தில் நின்று கைதட்டுவது எவர்க்கும் எளிது. பிறர் கைவிடச் சொன்ன பிள்ளையின் கண்களை உற்றுநோக்கி, அங்கே அறிவொளி உண்டெனக் கண்டு, நாள்தோறும் ஓர் எழுத்தாகக் கற்பிப்பதே அரிது. ஹொயிற் குடும்பத்தாரின் நெடிய ஓட்டம், வீட்டினுள்ளே எழுத்துக் கற்பித்த அந்நாள்களிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.