எஞ்சின் பூட்டிய பாய்வள்ளம் ஏன் மெல்ல ஊர்கிறது?

வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்து, கடல்நீரேரியின் ஓரத்தில் குடியிருக்க நேர்ந்த உழவர் குடும்பங்களுக்கு வள்ளமும் ஒரு தொழிற்கருவியாகிவிடுகிறது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பாய்வள்ளத்தையும், அதன் பின்பக்கத்தில் பூட்டுவதற்குச் சிறிய எஞ்சின் ஒன்றையும் வாங்குகின்றன. சில மாதங்களில் முறைப்பாடு எழுகிறது: "எஞ்சின் சத்தம் போடுகிறது, வள்ளம் ஓடுகுதில்லை." பெரிய எஞ்சினுக்குக் கடன் எடுப்போமா என்ற பேச்சும் கூடவே வருகிறது.

கடன் பத்திரத்தில் கையொப்பம் இடுமுன் காரணத்தைத் தேடுவோம். அது வள்ளத்தின் நீளத்திலோ, அடியிலோ, பாரத்திலோ, விசிறியிலோ, எஞ்சினிலோ இருக்கலாம். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்வோம்.

முதலில் அளந்து பார்ப்போம்

"மெதுவாக ஓடுகிறது" என்பது அளவல்ல. காற்று அடங்கிய காலைவேளையில், கரையோரமாக 500 மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்பங்களை நாட்டுங்கள். அந்தத் தூரத்தைப் போகவும் வரவும் ஓடி, நேரத்தைக் குறியுங்கள். 3 நிமிடத்தில் கடந்தால் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர். 5 நிமிடம் எடுத்தால் 6 கிலோமீற்றர். போகும்போது 10, வரும்போது 6 என்றால் நீரோட்டம் இருக்கிறது. வள்ளத்தின் சொந்த வேகம் இரண்டுக்கும் நடுவிலுள்ள 8 ஆகும்.

இச்சோதனையை இரண்டு ஆள் ஆழமுள்ள இடத்திற் செய்வது நல்லது. யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் பெரும்பகுதி ஆழமற்றது. இடுப்பளவு நீரில் எந்த வள்ளமும் ஆழ்நீரில் ஓடுவதிலும் மெதுவாகவே ஓடும். அது எஞ்சினின் குற்றமல்ல.

நீளம் விதிக்கும் எல்லை

நீரைப் பிளந்து செல்லும் வள்ளத்துக்கு இயற்கையாகவே ஒரு வேக எல்லை உண்டு. வில்லியம் புரூட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1870களில், நீர்த்தொட்டியில் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து, நீளத்துக்கும் வேகத்துக்கும் அலைக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். வள்ளம் தானே எழுப்பும் அலை அதன் நீளத்துக்குச் சமமாகும்போது, மேற்கொண்டு வேகம் பெறுவது மேட்டில் ஏறுவது போலாகிவிடும்.

கணக்கு எளிது. வள்ளம் நீரைத் தொட்டு நிற்கும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 2½ ஆற் பெருக்கினால், மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வரும். 16 அடிக்கு வர்க்கமூலம் 4. ஆகவே எல்லை ஏறத்தாழ 10 கிலோமீற்றர். 20 அடிக்கு 11, 25 அடிக்கு 12½.

உங்கள் 16 அடி வள்ளம் 9 கிலோமீற்றர் ஓடினால் அதில் நோயே இல்லை. அணியம் மேலெழுந்து, பின்பக்கம் தாழ்ந்து, பின்னால் பெரிய அலை கிளம்பினால் எல்லை வந்துவிட்டது. அதற்கு மேல் முறுக்கினால் எரிபொருள்தான் போகும். அடி தட்டையான, பாரம் குறைந்த கண்ணாடியிழைப் படகு நீரின் மேலே எழுந்து ஓடக்கூடியது. பாய்வள்ளத்தை அதனோடு ஒப்பிடக் கூடாது.

அடியும் பாரமும்

அளந்த வேகம் எல்லைக்கு மிகவும் கீழே இருந்தால், வள்ளத்தைக் கரையேற்றி அடியைத் தடவிப் பாருங்கள். பாசியும் சிப்பியும் பிடித்த அடி, களை மண்டிய வாய்க்காலைப் போன்றது. சுரண்டிக் கழுவி மீண்டும் ஓடிப் பாருங்கள்.

உள்ளே தேங்கிய நீரை முழுவதும் இறையுங்கள். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. பத்து வாளி நீர் ஓர் ஆளின் பாரத்துக்கும் மேல். 1990களின் முற்பகுதியில் கிளாலியைப் படகிற் கடந்தவர்களுக்குப் பாரமேறிய படகு எப்படித் தவழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் எஞ்சினுக்கு அருகே குந்தியிருந்தால் பின்பக்கம் தாழும்; ஒருவர் இருவரை நடுவுக்கு அனுப்புங்கள். எதிர்காற்றில் ஓடும்போது பாயை இறக்கிச் சுருட்டி வையுங்கள்.

விசிறி

இனிக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முழுவதும் முறுக்கியபோது எஞ்சின் கதறிக்கொண்டு சுற்ற, வள்ளம் மட்டும் ஊர்ந்தால், விசிறி நீரைப் பிடிக்கவில்லை. விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு, வள்ளத்தின் அடிமட்டத்தோடு ஒத்தோ, ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் விசிறி காற்றை உறிஞ்சும்.

விசிறியின் குடத்துக்குள் உள்ள இறப்பர் வழுக்குவதும் உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, உட்குழாய்க்கும் வெளிக்குடத்துக்கும் குறுக்கே பெயின்றினால் ஒரு நேர்கோடு இடுங்கள். ஓடிவந்த பின் கோடு விலகியிருந்தால் இறப்பர் போய்விட்டது.

எஞ்சின் சுற்றுக்கு ஏறாமல் முனகினால், விசிறி அந்த வள்ளத்துக்கு மிஞ்சியதாக இருக்கலாம். பல விசிறிகளில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும்: முதலாவது குறுக்களவு, இரண்டாவது, ஒரு சுற்றில் வழுக்காமல் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. உழும்போது உழவு இயந்திரத்தைச் சின்னக் கியரிற் போடுவது போல, பாரமான வள்ளத்துக்கு இரண்டாவது எண் சிறியதாக உள்ள விசிறியே பொருந்தும். புதிய எஞ்சினின் விலையோடு பார்த்தால் விசிறியின் விலை அற்பம்.

எஞ்சின்

முனகலுக்கு எஞ்சினும் காரணமாகலாம். நீரிறைக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்த்த கைகளுக்கு இது புதிதல்ல. எண்ணெய்த் தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? வடியில் அழுக்கோ நீரோ நிற்கிறதா? முழுவதும் முறுக்கும்போது கேபிள் காபரேற்றரை முழுவதும் திறக்கிறதா? எஞ்சின் ஆறிய பின் பிளக்குகளைக் கழற்றுங்கள். இரண்டு சிலிண்டரில் ஒன்றின் பிளக் மட்டும் நனைந்திருந்தால், அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலிற் தொடங்கி, சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு வரவேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, கம்பங்களுக்கிடையே மீண்டும் ஓடிப் பாருங்கள். ஒரு கொப்பியில் திகதி, நிமிடம், எரிபொருள் ஆகியவற்றை எழுதுங்கள். எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். விசிறியைத் தொடுமுன் எஞ்சின் நின்றிருக்க வேண்டும்; உயிர்காப்பு அங்கியின்றி எவரும் ஏறக்கூடாது.

கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் இருந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். வள்ளத்துக்கும் அது பொருந்தும். இடம்பெயர்ந்த குடும்பத்தின் தோளிற் பெரிய எஞ்சினின் கடன் ஏறுமுன், ஒரு காலைப்பொழுதை இச்சோதனைகளுக்கு ஒதுக்குங்கள். எல்லையை ஒட்டி ஓடும் வள்ளத்தைச் சற்றே நிதானமாகச் செலுத்தினாலே எரிபொருள் கணிசமாக மிஞ்சும். காற்று வாய்க்கும் நாளில் பாயையும் விரியுங்கள். அதற்குக் கடனும் இல்லை, வட்டியும் இல்லை.