"நல்லா இருக்கேன்" என்கிறாள் பாட்டி! நம்பலாமா?

நேற்று சனிக்கிழமை.

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் வாங்கும் நாள். சாயங்காலம் ஆனதும் கடைவீதி நிரம்பிவிடும். பலகாரக் கடையில் கூட்டம். துணிக்கடையில் கூட்டம். பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது.

ஊர் முழுவதும் கையில் காசு புரளும் அந்த மாலையிலும், ஒரு காசு கூடக் கையில் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

அவர்கள்தான் சில வீடுகளில் இருக்கும் வயதான தாய் தகப்பன்மார்!

இதோ ஒரு பாட்டி. பெயர் எதுவாகவும் இருக்கலாம். வீதி எதுவாகவும் இருக்கலாம். லைன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பனியன்கள். கையில் சின்னக் கத்தரி. தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டுகிறாள். ஒரு கட்டு வெட்டிக் கொடுத்தால் சில ரூபாய் கிடைக்கும்.

அந்தக் காசு மகன் கைக்குப் போகிறது. மாதம் பிறந்தால் வரும் முதியோர் பென்ஷனும் அவன் கைக்கே போகிறது. விரல் ரேகை வைப்பது மட்டும்தான் பாட்டியின் வேலை. வெற்றிலை வாங்குவதற்குக் கூட அவள் கேட்டு நிற்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண் வேலை முடிந்து வருகிறாள். "ஏனுங்க ஆத்தா, நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்கிறாள்.

பாட்டி தலை நிமிர்கிறாள். முதலில் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு சொல்கிறாள்: "எனக்கென்ன கண்ணு, நல்லா இருக்கேன்."

அந்தப் பெண் போய்விடுகிறாள். அவள் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவில்லை. பதில் சொல்லுமுன் பாட்டி உள்ளே பார்த்தாள். முழங்கைக்கு மேலே, அழுத்திப் பிடித்த விரல்களின் தடம் கன்றிப் போயிருந்தது.

அடிப்பது மட்டும்தான் கொடுமையா?

வயதானவர்களைக் கொடுமைப்படுத்துவது என்றால் அடிப்பது, உதைப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வகைதான்.

"இன்னும் ஏன் உயிரோடு இருக்கிறாய்?" என்று தினமும் கேட்பதும் கொடுமை. பேச்சே கொடுக்காமல் ஒதுக்கி வைப்பதும் கொடுமை. பென்ஷன் பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, நகையை வாங்கி அடகு வைப்பது, மிரட்டிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது எல்லாம் கொடுமையே. சோறு இருந்தும் போடாமல் இருப்பதும், நோய் வந்தும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகாமல் இருப்பதும் அப்படித்தான். வயதான பெண்களிடம் மானக்கேடாக நடந்துகொள்ளும் கயவர்களும் உண்டு.

இது ஓர் ஊரின் கதை அல்ல. உலகம் முழுவதும் நடப்பதுதான். 60 வயது ஆனவர்களில் ஆறு பேருக்கு ஒருவர், ஓர் ஆண்டுக்குள் ஏதாவது ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தக் கொடுமையை மக்களுக்கு உணர்த்துவதற்காகவே ஜூன் 15-ந் தேதியைத் தனி நாளாக ஐ.நா. சபை 2011-ல் ஒதுக்கியது.

குழந்தைக்காக வந்தவள்

திருப்பூருக்குப் பிழைப்புத் தேடி வருகிறவர்கள் ஏராளம். தெற்குச் சீமையிலிருந்து வருகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் வாடகையும் சாப்பாடும் நடக்கும். கைக்குழந்தையை யார் பார்ப்பது?

ஊரிலிருந்து பாட்டியை அழைத்து வருகிறார்கள். பாட்டியும் வீட்டைப் பூட்டிவிட்டு, ஆட்டுக்குட்டியை விற்றுவிட்டு வருகிறாள். குழந்தை வளர்கிறது. பள்ளிக்கூடம் போகிறது.

அன்றோடு பாட்டியின் வேலை முடிந்தது! இருப்பதோ ஒரே அறை. "இவளை எங்கே படுக்க வைப்பது?" என்ற பேச்சு ஆரம்பமாகிறது.

ஒன்றரை ஷிப்ட் நின்று உழைத்துவிட்டு, ராத்திரி திரும்புகிறவர்களுக்குக் களைப்பு இருக்கும். எரிச்சல் இருக்கும். எல்லாப் பழியையும் மருமகள் தலையில் போட்டுவிட்டுப் போவதும் நியாயம் இல்லை. பெற்ற மகனும் செய்கிறான். பெற்ற மகளும் செய்கிறாள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வேலை மிகுதியால் சோறு போட நேரமாவது வேறு. சட்டியில் சோறு இருந்தும் போடாமல் இருப்பது வேறு. முன்னது கஷ்டம். பின்னது கொடுமை!

எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டால் வீட்டாரின் முகத்தைப் பார்த்துப் பயந்து பதில் சொல்கிறாரா? வருகிறவர்களோடு தனியாகப் பேச விடாமல் யாராவது கூடவே நிற்கிறார்களா?

கையிலும் முகத்திலும் காயம் அடிக்கடி வருகிறதா? "வழுக்கி விழுந்தேன்" என்ற பதில் காயத்துக்குப் பொருந்துகிறதா? பழைய காயமும் புதுக் காயமும் சேர்ந்து தெரிகிறதா?

ஆள் இளைத்துக்கொண்டே போகிறாரா? சேலை அழுக்காக, நகம் வெட்டாமல் இருக்கிறாரா? உடைந்த கண்ணாடி மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறதா? சர்க்கரை மாத்திரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை நின்றுவிட்டதா?

பாங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு, போன் எல்லாம் வேறு ஒருவர் கையில் இருக்கிறதா? வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்களா?

ஒரே ஒரு காயத்தைப் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. வயதானவர்களின் தோல் மெலிந்திருக்கும். லேசாக இடித்தாலும் கன்றிவிடும். ஆனால் இந்த அடையாளங்களில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால், பார்த்தும் பார்க்காதது போலப் போகக் கூடாது. மறதி நோய் உள்ள பெரியவர்கள் என்றால் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். அவர்களால் நடந்ததைச் சொல்ல முடியாது. சொன்னாலும் "கிழத்துக்குப் புத்தி தடுமாற்றம்" என்று தள்ளிவிடுவார்கள்.

ஏன் சொல்வதில்லை?

பாட்டி ஏன் பொய் சொன்னாள்?

முதல் காரணம், பாசம். "என் மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால்?" என்று பதறுகிறாள். இரண்டாவது காரணம், மானம். "பெத்த பிள்ளையே அடிக்கிறான்னு வெளியே சொல்றதா?" என்று குன்றிப் போகிறாள். மூன்றாவது காரணம், பயம். இந்த வீட்டை விட்டால் போக்கிடம் ஏது?

ஆகவே அவள் வாய் திறக்க மாட்டாள். வாய் திறக்க வேண்டியவர்கள் சுற்றி இருப்பவர்கள். பக்கத்து வீட்டார், மளிகைக் கடைக்காரர், ஊருக்கு வந்து போகும் உறவினர், பேரன் பேத்திகள். "அவங்க வீட்டு விஷயம், நமக்கு எதுக்கு?" என்று இவர்கள் ஒதுங்கும் வரையில் கொடுமை நடந்துகொண்டேதான் இருக்கும்.

என்ன செய்யலாம்?

மகனோ மருமகளோ இல்லாத நேரத்தில் போய்ப் பேச வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது. சொல்வதை நம்ப வேண்டும். "உங்கள் மேல் தப்பு இல்லை" என்று சொல்ல வேண்டும். பிறகு, "உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்க வேண்டும். அங்கேயே இருந்துகொண்டு அடி மட்டும் நிற்க வேண்டும் என்பார் ஒருவர். மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பார் இன்னொருவர். முடிவு அவருடையது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. வீதியில் நின்று மகனோடு சண்டை போடக் கூடாது. அந்தக் கோபம் எல்லாம் ராத்திரி பாட்டியின் மேல்தான் இறங்கும்.

காயம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். டாக்டர் எழுதும் சீட்டு பிறகு சாட்சியாக நிற்கும். உயிருக்கே ஆபத்து என்றால் யோசிக்க நேரம் இல்லை. 112-க்குப் போன் செய்தால் போலீஸ் வரும். ஆலோசனை வேண்டும் என்றால் முதியோருக்கென்றே 14567 என்ற இலவச எண் இருக்கிறது. 2021-ல் நாடு முழுவதற்கும் தொடங்கி வைக்கப்பட்டது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. தம் வருமானத்திலும் சொத்திலும் பிழைக்க முடியாத தாய் தகப்பனைப் பிள்ளைகள் காப்பாற்றியே ஆக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். மகனுக்கு மட்டும் அல்ல, மகளுக்கும் அந்தக் கடமை உண்டு. வயது வந்த பேரன் பேத்திகளுக்கும் உண்டு.

இதற்காகக் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வருவாய்க் கோட்டத்துக்கு ஒரு தீர்ப்பாயம் உண்டு. திருப்பூர் மாவட்டத்தில் திருப்பூர், தாராபுரம், உடுமலைப்பேட்டை என்று மூன்று கோட்டங்கள். அந்தந்தக் கோட்ட அதிகாரியிடம் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம்.

நடக்க முடியாதவராக இருந்தால்? அவர் சம்மதம் பெற்று வேறொருவர் மனுக் கொடுக்கலாம். தொண்டு நிறுவனமும் கொடுக்கலாம். யாருமே கொடுக்காவிட்டாலும், தகவல் அறிந்து தீர்ப்பாயம் தானாகவே விசாரிக்கலாம்.

முதலில் சமரசம் பேசிப் பார்ப்பார்கள். பல பெரியவர்கள் விரும்புவதும் அதுதான். சரிப்படாவிட்டால், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புப் பணம் கொடுக்க உத்தரவு போடலாம். பிள்ளைகளுக்கு நோட்டீஸ் போன 90 நாளில் மனுவை முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். உத்தரவுக்குப் பிறகும் பணம் கொடுக்காமல் ஏமாற்றினால் ஜெயில் உண்டு. பெரியவர்களைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டு வந்தால் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே!

கையெழுத்துப் போடுமுன்...

திருப்பூரைச் சுற்றி ஒரு காலத்தில் சோளம் விளைந்த காடுகள் இன்று வீட்டு மனைகள். சொத்துக்கு மதிப்பு ஏறியது. கூடவே சண்டையும் ஏறியது. "இருக்கிறதை எழுதிக் கொடுத்துடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பான் மகன். எழுதிக் கொடுத்த பிறகு அவன் முகம் மாறும்.

நாகப்பட்டினத்தில் ஒரு தாய் இப்படித்தான் மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தார். பெண் பிள்ளைகளுக்குக் கூடப் பங்கு வைக்கவில்லை. மகன் இறந்துபோனார். அதன் பிறகு மருமகள் கவனிக்கவில்லை. தாயார் ஆர்.டி.ஓ.விடம் போனார். ஆர்.டி.ஓ. அந்தப் பத்திரத்தை ரத்து செய்தார். மருமகள் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். "என்னைக் காப்பாற்ற வேண்டும்" என்று பத்திரத்தில் எழுதாவிட்டாலும், அன்பினால் எழுதிக் கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று 2025 மார்ச்சில் ஐகோர்ட்டு சொல்லிவிட்டது. ரத்து செல்லும்!

அதே ஆண்டு ஜனவரியில், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் மகனுக்குக் கொடுத்த சொத்தை, அவருக்கே திருப்பிக் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

ஆனாலும் 2022-ல் வேறொரு வழக்கில், நிபந்தனை இருந்தால்தான் ரத்து செய்யலாம் என்றும் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஆகவே எழுதிக் கொடுக்கிறவர்கள், "கடைசி வரை என்னைக் காப்பாற்ற வேண்டும், இந்த வீட்டில் நான் இருக்க உரிமை உண்டு" என்று பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவிடுவது நல்லது. கேட்டால் மகன் கோபித்துக்கொள்வான் என்று பயப்படத் தேவையில்லை. காப்பாற்ற நினைக்கிற மகனுக்கு அந்த ஒரு வரியால் என்ன நஷ்டம்?

பென்ஷனும் அப்படித்தான். 1,000 ரூபாயாக இருந்த முதியோர் பென்ஷன் 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அது வீட்டுச் செலவுக்கு வந்த பணம் அல்ல. அந்தப் பெரியவரின் பணம். அவர் மனம் வந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். பிடுங்கக் கூடாது.

இன்று லீவு நாள்

இன்று ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்கு லீவு. வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும். பக்கத்து வீட்டு வாசற்படியில் பாட்டி உட்கார்ந்திருப்பாள்.

"நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டால் பழைய பதில்தான் வரும். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது சுலபம்.

பக்கத்தில் உட்கார்ந்து, "ஆத்தா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

அவள் உடனே பதில் சொல்கிறாளா, அல்லது வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள்.

திரும்பிப் பார்த்தால், எழுந்து போய்விடாதீர்கள்.