சொந்த கார்ல வெளிநாடு: ரோடு இருக்கு, கார்னெட் இருக்கா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடை தளியில இருந்து பேசுறேன். ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை பார்க்குற தம்பி ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, என்னோடது டிஎன் 70 வண்டி. லோன் முடிய இன்னும் மூணு வருஷம் இருக்கு. இதை எடுத்துக்கிட்டு லண்டன் வரைக்கும் போக முடியுமா? அட்லீஸ்ட் நேபாளமாவது?"

சுருக்கமா சொல்லிடுறேன். நேபாளம் போகலாம். அடுத்த லீவுக்கே கூட போகலாம். லண்டனும் முடியும், ஆனா அதுக்கு உங்க வண்டியோட இன்ஜினை விட உங்க பேங்க் பேலன்ஸ் ஸ்ட்ராங்கா இருக்கணும். ஏன்னு புரிஞ்சிக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

நம்ம ஊர் பார்டர் சொல்லிக் கொடுக்கிற பாடம்

தளியில இருக்கிறவங்களுக்கு பார்டர் ஒண்ணும் புதுசு இல்ல. ஆனேக்கல் பக்கம் வண்டியைத் திருப்பினா கொஞ்ச நேரத்துல கர்நாடகா. சொந்த காரை யாரும் நிறுத்திக் கேட்கிறது இல்ல. ஆனா மஞ்சள் போர்டு ஓட்டுற அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க. அத்திப்பள்ளி தாண்டணும்னா பெர்மிட், டாக்ஸ்னு ஒரு லிஸ்ட் சொல்வார்.

சொந்த காருக்கும் ஒரு கணக்கு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவுப்படி, ஒரு மாநிலத்துல பதிவான வண்டி இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல இருந்தா, அங்கே புது நம்பர் வாங்கணும். பெங்களூருக்கு வேலைக்குப் போன பல பேருக்கு இந்தத் தலைவலி தெரியும். இதுக்கெல்லாம் அடியில இருக்கிற கேள்வி ஒண்ணுதான்: "இந்த வண்டி இங்கே விருந்தாளியா, இல்ல குடி வந்துடுச்சா? குடி வந்துட்டா எனக்கு வரி கட்டு."

நாட்டு எல்லையிலும் இதே கேள்விதான். தொகை மட்டும் பெருசு. பல நாடுகள்ல வெளிநாட்டு காரை இறக்குமதி பண்ண பெரிய சுங்க வரி உண்டு. "சுற்றிப் பார்க்க வந்தேன்"னு சொல்லி உள்ள வந்து, வரி கட்டாம வண்டியை வித்துட்டுப் போயிட்டா? அந்த நாட்டு சுங்கத்துறை பயப்படுறது இதுக்குத்தான்.

ஓசூர்ல இருந்து தினமும் எவ்வளவோ வெளிநாடு போகுது. லாரி, பைக், ரோஜாப்பூ எல்லாம் போகுது. அது எதுவும் திரும்பி வராது, அது ஏற்றுமதி. உங்க கார் போயிட்டு திரும்பி வரணும். அந்த "திரும்பி வரும்"கிற வாக்குறுதியை எழுத்துல கொடுக்கிறதுதான் இந்த மொத்த விஷயமும்.

கார்னெட்: காருக்கு ஒரு பாஸ்போர்ட்

அந்த வாக்குறுதிக்குப் பேர் 'கார்னெட் த பசாஜ் ஆன் துவான்'. பிரெஞ்சுப் பேர். சுங்கம் கடக்கிறதுக்கான சின்னப் புத்தகம்னு அர்த்தம். எல்லாரும் கார்னெட்னுதான் சொல்றாங்க. தனியார் வண்டிகளை தற்காலிகமா இறக்குமதி பண்றது பத்தி 1954-ல நியூயார்க்கில் ஒரு ஐ.நா. உடன்படிக்கை வந்தது. கார்னெட் அந்த அடிப்படையில நடக்குது. நம்ம நாட்டில் கார்னெட் கொடுக்கிற இடம்னு ஓவர்லேண்ட் போறவங்க வழக்கமா போய் நிற்கிறது, மும்பையில இருக்கிற வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன்.

புத்தகம் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. ஒவ்வொரு பக்கத்திலும் மூணு பகுதி. ஒரு நாட்டுக்குள்ள நுழையும்போது சுங்க அதிகாரி கீழ்ப்பகுதியைக் கிழிச்சு வெச்சுக்குவார். வெளியே வரும்போது நடுப்பகுதியைக் கிழிச்சுக்குவார். மேல்பகுதி உங்க புத்தகத்திலேயே இருக்கும். அதுல உள்ளே வந்ததுக்கு ஒரு முத்திரை, வெளியே போனதுக்கு ஒரு முத்திரை. ஒரு நாட்டுக்கு ஒரு பக்கம். புத்தகம் ஒரு வருஷம் செல்லும்.

இதுல ரெண்டாவது முத்திரைதான் உயிர். உள்ளே போகும்போது அவங்களே முத்திரை போடாம விடமாட்டாங்க. வெளியே வரும்போது ராத்திரி பதினொரு மணி, கூட்டம், களைப்பு. அதிகாரி "போ போ"ன்னு கையைக் காட்டுவார். கார்னெட்டில் முத்திரை விழாம கிளம்பிட்டீங்கன்னா, அந்த நாட்டுக் கணக்குல உங்க வண்டி இன்னும் அங்கேயேதான் இருக்கு. வரியைக் கேட்டு கார்னெட் கொடுத்த சங்கத்துக்கு கடிதம் வரும். சங்கம் உங்ககிட்ட வரும். இதுக்கு ஒரு மாற்று வழி உண்டு. வண்டியை ஊருக்குக் கொண்டு வந்து அதிகாரிகிட்ட காட்டி, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் சரிபார்த்து, "வண்டி இங்கேதான் இருக்கு"ன்னு ஒரு சான்றிதழ் வாங்கலாம். கார்னெட்டின் கடைசியிலேயே அதுக்கு ஒரு படிவம் இருக்கும். அலைச்சல்தான், ஆனா பணம் பிழைக்கும்.

பணம் எங்கே மாட்டிக்கும்?

சங்கம் உங்களுக்காக ஜாமீன் நிற்குது. அதுக்கு உங்ககிட்ட பேங்க் கேரண்டியோ டெபாசிட்டோ கேட்கும். எவ்வளவுங்கிறது வண்டியோட இன்றைய மதிப்பையும், நீங்க போற நாடுகளையும் பொறுத்தது. வரி அதிகமா இருக்கிற நாடு லிஸ்ட்ல இருந்தா, ஜாமீன் தொகை வண்டியோட மதிப்பையே தாண்டும். இரான், எகிப்து ரெண்டும் இதுக்குப் பேர் போன நாடுகள். சும்மா ஒரு கணக்குக்கு, வண்டி மதிப்பு 10 லட்சம், கேட்கிற ஜாமீன் ரெண்டு மடங்குன்னு வெச்சுக்கோங்க. 20 லட்சம் ரூபாயை நீங்க திரும்பி வர்ற வரைக்கும் முடக்கி வெக்கணும். அது செலவு இல்ல, திரும்பி வரும். ஆனா அவ்வளவு பணத்தை ஓரமா வைக்க முடியுமாங்கிறதுதான் கேள்வி.

இதுல நிறைய பேர் யோசிக்காத ஒண்ணு: வண்டி அங்கே ஆக்சிடென்ட்ல நொறுங்கிப் போனாலும் கணக்கு தீராது. ஒண்ணு அந்தக் கூட்டை ஏத்தி வெளியே கொண்டு வரணும், இல்ல சுங்கத்துறை கண் முன்னாடி முறைப்படி அழிக்கணும், இல்ல வரியைக் கட்டணும். அப்படியே விட்டுட்டு ஃப்ளைட் ஏறி வந்தா ஜாமீன் போச்சு.

இப்போ நம்ம தம்பியோட லோனுக்கு வரேன். ஆர்.சி.-யில பேங்க் பேர் இருக்கிற வரைக்கும் வண்டியில பேங்குக்கும் உரிமை இருக்கு. வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போக அவங்க தடையில்லாச் சான்று எழுத்துல வேணும். கம்பெனி லீஸ் வண்டின்னா கம்பெனியோட கடிதம். வண்டி அப்பா பேர்லயோ அக்கா பேர்லயோ இருந்தா அவங்களோட ஒப்புதல் கடிதம். ஓட்டுறவர் வேற, ஓனர் வேறன்னா எல்லா எல்லையிலும் கேள்வி வரும்.

கார்னெட் இல்லாமலே போகக்கூடிய ரெண்டு நாடு

நல்ல செய்தி, நேபாளத்துக்கும் பூடானுக்கும் நம்ம வண்டிக்கு கார்னெட் வேண்டாம்.

தளியில இருந்து நேபாளம்னா ஓசூர் வந்து 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் வரைக்கும் அதே ரோடுதான். அங்கிருந்து ஜபல்பூர், ரேவா, பிரயாக்ராஜ், கோரக்பூர் வழியா சோனௌலி எல்லை. 2,000 கிலோமீட்டருக்கு மேல. எல்லையில 'பன்சார்'னு சொல்லுவாங்க, அதாவது சுங்க அனுமதி. எத்தனை நாள்னு சொல்லி, நாள் கணக்குல பணம் கட்டணும். நம்ம லைசென்ஸ், ஆர்.சி. போதும். ஒரு வருஷத்துல மொத்தம் 30 நாள்தான் வண்டி அங்கே இருக்கலாம். அஞ்சு நாளுக்கு பன்சார் வாங்கிட்டு ஆறாவது நாள் வந்தா அபராதம். மலை ரோட்டுல மண் சரிஞ்சா ஒரு நாள் சுலபமா போயிடும். அதனால ஒரு நாள் சேர்த்தே கட்டிடுங்க.

பூடானுக்கு மேற்கு வங்கத்தின் ஜெய்காவ் வழியா புன்ட்சோலிங். ஆளுக்கு ஒரு அனுமதி, வண்டிக்குத் தனியா ஒரு அனுமதி. 2022 செப்டம்பர்ல இருந்து இந்தியர்களுக்கும் ஒரு ராத்திரிக்கு, தலைக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு. நாலு பேர், அஞ்சு ராத்திரின்னா அதுவே 24,000 ஆச்சு. பெட்ரோலுக்கு முன்னாடி இதைக் கணக்குப் பண்ணுங்க.

"அப்போ இலங்கை? அது தமிழ்நாட்டுக்குப் பக்கத்துலயே இருக்கே?" கரெக்ட். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். ஆனா கார் ஏத்துற கப்பல் இல்ல. 2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு கப்பல் ஆரம்பிச்சாங்க, அது ஆட்களுக்கு மட்டும். அதனால நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற வெளிநாட்டுக்கு கார்ல போக முடியாது. 2,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நேபாளத்துக்குப் போக முடியும்.

லண்டன் கனவு: அன்னைக்கு ரோடு, இன்னைக்கு ரோடு

போனவங்க இருக்காங்க. 2015-ல பெங்களூரைச் சேர்ந்த நிதி திவாரி, மஹிந்திரா ஸ்கார்பியோவில் டெல்லியிலிருந்து லண்டன் வரை ஓட்டினார். 2017 மார்ச்சில் கோவையிலிருந்து மீனாட்சி அரவிந்த், மூகாம்பிகா ரத்தினம், பிரியா ராஜ்பால் ஆகியோர் டாடா ஹெக்சாவில் லண்டன் கிளம்பினாங்க. திட்டம் 70 நாள், 24 நாடுகள். அந்தக் காலகட்டத்து வழி பொதுவா இதுதான்: மணிப்பூர் மோரே எல்லை, மியான்மர், சீனா, மத்திய ஆசியா, ரஷ்யா, ஐரோப்பா.

இன்னைக்கு அந்தச் சங்கிலியில முதல் கண்ணியே அறுந்து கிடக்கு. 2021 பிப்ரவரியில் மியான்மர்ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. 2023 மே மாசம் மணிப்பூர்ல கலவரம். அந்தப் பக்கமா டூரிஸ்ட் வண்டி போறது நடைமுறையில நின்னு போச்சு. மேற்கே அட்டாரி எல்லை 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. நேபாளம் வழியா திபெத் போகலாம்னா, 2025 ஜூலையில வந்த வெள்ளம் ரசுவாகடி எல்லைப் பாலத்தையே அடிச்சிட்டுப் போச்சு.

சீனாவுக்குள்ள போறதா இருந்தா கார்னெட்டும் சர்வதேச லைசென்ஸும் உதவாது. அங்கத்திய ஏஜென்சி, கூடவே ஒரு வழிகாட்டி, தற்காலிக லைசென்ஸ், தற்காலிக நம்பர் பிளேட் எல்லாம் வேணும். தாய்லாந்தும் 2016-ல இருந்து, வெளிநாட்டு வண்டிக்கு அங்கத்திய டூர் கம்பெனி மூலமா முன் அனுமதி கேட்குது.

அதனால இப்போ பலரும் யோசிக்கிற வழி கப்பல். வண்டியை கன்டெய்னர்ல ஏத்தி துபாய்க்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்பிட்டு, அங்கிருந்து ஓட்டுறது. ஐரோப்பிய யூனியன்ல வெளிநாட்டவர் வண்டியை ஆறு மாசம் வரைக்கும் வரியில்லாம வெச்சுக்கலாம், கார்னெட் தேவையில்ல. கப்பல்ல அனுப்பும்போது நம்ம சுங்கத்துறையிலும் வண்டி வெளியே போனதுக்கு பதிவு இருக்கணும். இல்லேன்னா திரும்பி வரும்போது உங்க சொந்த வண்டிக்கே இறக்குமதி கேள்வி வரும்.

கையில இருக்க வேண்டியவை

ஒண்ணு, சர்வதேச ஓட்டுநர் அனுமதி. இதை உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான் கொடுக்கும், ஓசூர்லயே வாங்கலாம். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும்.

ரெண்டு, இன்ஷூரன்ஸ். நம்ம பாலிசி நம்ம நாட்டோட நிற்கும். கூடுதல் பிரீமியம் கட்டினா நேபாளம், பூடான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவுக்கு நீட்டிக்கலாம். 'ஜியோகிராஃபிகல் எக்ஸ்டென்ஷன்'னு கேளுங்க. அதைத் தாண்டினா ஒவ்வொரு எல்லையிலும் அந்த ஊர் பாலிசி வாங்கணும்.

மூணு, நம்பர் பிளேட். தமிழ் எண்ல எழுதி வெச்சிருக்கிற நண்பர்களே, மன்னிக்கணும். ஆங்கில எழுத்து, வழக்கமான எண்தான் செல்லும். பின்னாடி முட்டை வடிவத்துல 'ஐஎன்டி' ஸ்டிக்கர்.

நாலு, ஓட்டுற பக்கம். நேபாளம், பூடான், தாய்லாந்து எல்லாம் நம்மளை மாதிரி இடது பக்கம். மியான்மர், சீனா, மத்திய ஆசியா, ஐரோப்பாவில் பெரும்பாலும் வலது பக்கம். வலது பக்க ஸ்டியரிங்கோட அங்கே ஓவர்டேக் பண்றப்போ எதிர்ல வர்றது உங்களுக்குத் தெரியாது, இடது சீட்ல இருக்கிறவருக்குத்தான் தெரியும். தூங்காத ஒருத்தரை பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க.

தம்பிக்கு என் பதில்

லோன் இருக்கிற வண்டி, ரெண்டு வாரம் லீவு, ஜாமீனுக்கு முடக்க பெரிய பணம் இல்ல. இதுதான் நிலைமைன்னா நேபாளம் போங்க. பேங்க்ல கடிதம் வாங்குங்க, இன்ஷூரன்ஸை நீட்டிங்க, பன்சாருக்கு ஒரு நாள் சேர்த்துக் கட்டுங்க. ஐரோப்பா பார்க்கணும்னா ஃப்ளைட்ல போய் அங்கே வாடகைக்கு கார் எடுக்கிறது பல மடங்கு மலிவு. அதே சர்வதேச அனுமதி அங்கேயும் உதவும். சொந்த வண்டியிலதான் லண்டன்னு முடிவு பண்ணினா முதல்ல ரூட் மேப் போட வேண்டாம். எந்த எல்லை திறந்திருக்குன்னு பாருங்க, மும்பைக்கு எழுதி ஜாமீன் எவ்வளவுன்னு கேளுங்க. அந்தத் தொகையைக் கேட்டதுக்கு அப்புறமும் ஆசை இருந்தா மேப்பை விரிங்க.

எந்த எல்லையா இருந்தாலும், வெளியே வர்ற முத்திரை விழுந்திருக்கான்னு நீங்களே கண்ணால பார்த்துட்டு அப்புறம் கியர் போடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.