"வயதானால் அப்படித்தான்!"

சென்ற ஆண்டு, எம் பங்கைச் சேர்ந்த 72 வயதுத் தாய் ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்தார். "சாமி, பக்கத்தில் வருகிறவர்களைத் தெரியவில்லை, படியிலும் கால் தடுக்குகிறது" என்றார். வேறோர் அலுவலில் மனம் ஓடிக்கொண்டிருந்த நான், "வயதானால் அப்படித்தானம்மா" என்று கூறிவிட்டு நடந்தேன். அவர் மகனும் மருமகளும் அதையே கூறியிருந்தனராம். ஆறு திங்கள் கழித்துக் கண் மருத்துவரிடம் சென்றபோது, அது கண் நீர் அழுத்த நோய் என்று தெரிந்தது. கண்புரையாயின் அறுவை செய்து பார்வையை மீட்கலாம். இந்நோயிலோ இழந்த பார்வை இழந்ததே. எஞ்சியதைச் சொட்டு மருந்தால் காக்க முயலலாம், அவ்வளவுதான். எங்கள் வாக்கியம் ஒன்று ஆறு திங்கள் அந்நோயை மூடி வைத்தது.

அன்பு வாசகர்களே, முதியோரைப்பற்றி நம் இல்லங்களில் நாளும் புழங்கும் சொற்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். கிழம், கிழடு, பெரிசு. "இந்த வயதில் உமக்கு ஏன் இதெல்லாம்?" "காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது." வேடிக்கையாகத்தான் சொல்கிறோம். ஆனால் இலக்கணத்தைக் கவனியுங்கள்: 'கிழம் வந்தது', 'பெரிசு சொல்லிற்று' என்று அஃறிணை முடிபு கொடுக்கிறோம். குழந்தையையும் 'அது' என்கிறோமே எனலாம். குழந்தை நாளை வளர்ந்து ஆளாகும் என்ற எதிர்பார்ப்போடு அப்படிக் கொஞ்சுகிறோம். முதியவரிடம் நமக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை.

'கிழவன்' என்னும் சொல்லோ பழந்தமிழில் முதுமையைக் குறித்து நின்றதன்று. கிழமை என்றால் உரிமை; உரியவன், தலைவன் எவனோ அவனே கிழவன். தொல்காப்பியம் காதல் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்றே கூறுகின்றது. கோவூர் கிழார் என்னும் புலவர் பெயரிலும், நம் ஞாயிற்றுக்கிழமையிலும் இருப்பது அவ்வுரிமைப் பொருளே. வீட்டுக்கு உரியவரைக் குறித்த சொல், வீட்டின் மூலைக்கு உரியவரைக் குறிக்கலாயிற்று! குருக்களாகிய எங்களுக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் 'பிரஸ்பித்தேரோஸ்' என்னும் பெயருக்கும் 'மூத்தவர்' என்பதே பொருள். இளம் வயதில் அதைப் பெருமையோடு ஏற்ற எங்களுக்கு, உண்மையிலேயே மூத்தபின் அது கசக்கிறது.

சொல்லால் என்ன கெட்டுவிடும் என்பாருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஊர் ஒன்றில், 50 வயது கடந்த 660 பேரைப்பற்றிய ஆய்வைப் பெக்கா லெவி என்னும் அறிஞரும் குழுவினரும் 2002-இல் வெளியிட்டனர். தம் முதுமையைப்பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தோர், தாழ்வாக எண்ணியோரைவிட ஏறத்தாழ 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனராம். உடல்நலம், வாழ்க்கை வசதி ஆகியவற்றின் வேறுபாட்டைக் கணக்கிற்கொண்ட பின்னும் இந்த முடிவே நின்றது. அவ்வெண்ணத்தை முதியவர் எங்கிருந்து பெறுகிறார்? இளமையில் தாமே பிறரைப் பார்த்துச் சொன்ன சொற்களிலிருந்தும் அன்றோ! அந்தத் தாயும், "எனக்குந்தான் வயதாகிவிட்டதே என்று இரண்டாம் முறை யாரிடமும் கேட்கவில்லை, சாமி" என்றார்.

சென்ற மாதம் அவர் இல்லத்திற்கு நற்கருணை கொண்டு சென்றேன். விடைபெற எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகிவிட்டேன்.

"என்ன சாமி, கால் வலியா?"

"வயதாகிறதல்லவா, அம்மா" என்றேன் வாய் தவறி.

அவர் சிரிக்கவில்லை. "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டார்.

நான் காட்டியிருக்கவில்லை.