கண்ணுக்குத் தெரியாத புயல்

புயல் என்பது நெரவியில் வாழும் நமக்குப் புதிதன்று. வங்கக் கடலில் புயல் சின்னம் தோன்றியதும் காரைக்கால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். மீனவர்கள் படகுகளைக் கரை சேர்ப்பார்கள். ஆனால் மழையும் இடியும் இல்லாமல், 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் புயலும் ஒன்று உண்டு. அதுவே காந்தப் புயல்.

சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற நுண்துகள்கள் எந்நேரமும் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். சாதாரணமாக இதன் வேகம் வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். நமது பூமியோ ஒரு பெரிய காந்தம். அதன் காந்தப் புலம் கேடயம்போல் நின்று இத்துகள்களை விலக்கிவிடுகிறது.

சில வேளைகளில் சூரியன் பல கோடி டன் பொருளைத் தன் காந்தப் புலத்தோடு சேர்த்து வீசியெறிகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களில் அது பூமியை வந்தடையும். அதன் காந்தப் புலம் வடக்கு நோக்கியிருந்தால் பாதிப்பு குறைவு. தெற்கு நோக்கியிருந்தாலோ, பூமியின் காந்தப் புலத்தோடு இணைந்து வாயிலைத் திறந்துவிடுகிறது. ஆற்றல் உள்ளே பாய்கிறது. பூமியைச் சுற்றி வளையமாக ஓடும் மின்னோட்டம் பெருகி, பூமியின் காந்தப் புலத்தைக் குறைக்கிறது.

1859 செப்டம்பரில் வீசிய மாபெரும் காந்தப் புயலை மும்பையின் கொலாபா ஆய்வகம் பதிவு செய்தது. உலக விஞ்ஞானிகள் இன்றும் அக்குறிப்புகளை ஆராய்கிறார்கள். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின்சாரம் 9 மணி நேரம் தடைப்பட்டு, சுமார் 60 லட்சம் மக்கள் தவித்தனர். 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹன்லே வானில் செந்நிற ஒளி தெரிந்தது.

நம் கடற்கரையில் அத்தகைய ஒளி தெரிவதில்லை. அதனால் நமக்குக் கவலையில்லை என எண்ணிவிடலாகாது. காந்தப் புயல் வானின் மேலடுக்கைக் கலக்குவதால், மீனவர்கள் நம்பியிருக்கும் ஜி.பி.எஸ். கருவி பிழையாக இடம் காட்டக்கூடும். நடுக்கடலில் திசை தவறினால் என்னவாகும் என்பதை மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

இப்புயலுக்கும் கூண்டு ஏற்ற முடியுமா? முடியும். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம், பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னே சூரியனையும் சூரியக் காற்றையும் ஆராய்வதற்காக அனுப்பப்பட்டது. அவ்விடத்தைக் கடந்த காற்று பூமியைத் தொட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்தச் சிறு அவகாசமே மின் நிலையங்களையும் செயற்கைக்கோள்களையும் காக்க உதவும். விண்கலம் ஏவப்பட்டபோது இத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்னும் பெண்மணி.

தோழியரே, இறைவன் நமக்குக் காணாத கேடயத்தைத் தந்தார். அதை அறியும் அறிவையும் தந்தார். அவ்வறிவைப் பிறர் நலனுக்காக வளர்ப்பது நம் கடமையன்றோ?