திவால் மனுவுக்கு முன் மாமாவின் கடனை அடைக்காதீர்கள்

அமெரிக்காவில் குடியிருக்கும் நம்மவர் வீட்டில் பெரிய மருத்துவமனை பில் ஒன்று வந்தால், பணம் புரட்டும் வரிசை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. முதலில் கிரெடிட் கார்டு. பிறகு ஓய்வுக்காலச் சேமிப்பான 401 கே. அதுவும் போதாதபோது ஊரிலிருக்கும் அண்ணன், மாமா. எல்லாம் தீர்ந்து, வசூல் ஏஜென்சிகளின் போன் தொல்லை தாங்க முடியாமல் போன பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள். அதற்குள் சட்டம் தந்த பாதுகாப்புகளில் பாதி கைவிட்டுப் போயிருக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பில் வந்ததும் பேச வேண்டிய இடம் மருத்துவமனையேதான். என்னென்ன சிகிச்சைக்கு எவ்வளவு என்று வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள். லாப நோக்கற்ற மருத்துவமனை என்றால், வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ எழுத்துபூர்வமான உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டரசின் சட்டம். சிகிச்சை முடிந்து முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாட்கள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாட்களுக்குள் வழக்குப் போடுவது போன்ற கடும் நடவடிக்கைகளில் அந்த மருத்துவமனை இறங்கக் கூடாது. வேலை போய்விட்ட எச்-1பி குடும்பங்களும் விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும். விசா நிலையைப் பார்க்காமல் வருமானத்தை மட்டும் பார்க்கும் மருத்துவமனைகள் உண்டு.

அந்த பில்லையே கார்டில் தேய்த்துவிட்டால் அது மருத்துவக் கடனாக இல்லாமல் வங்கிக் கடனாகிவிடுகிறது. வட்டி 20 சதவீதத்தைத் தாண்டுவது அங்கே சாதாரணம். 500 டாலருக்குக் குறைந்த மருத்துவ பாக்கியையும், ஓராண்டு ஆகாத மருத்துவ பாக்கியையும் கடன் அறிக்கையில் காட்டுவதில்லை என்று மூன்று பெரிய கடன் மதிப்பீட்டு நிறுவனங்களும் 2022, 2023இல் முடிவு செய்தன. கார்டு பாக்கிக்கு அந்தச் சலுகை இல்லை.

ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டம், அவசரச் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனை, மருத்துவர்களிடமிருந்து வரும் திடீர் பில்களைத் தடுக்கிறது. வருகையாளர் இன்சூரன்ஸுக்கு அது பொருந்தாது. சாலை ஆம்புலன்ஸ் கட்டணமோ யாருக்குமே அதில் அடங்காது. அப்பா மயங்கிக் கிடக்கும் பதற்றத்தில் மருத்துவமனை நீட்டுகிற தாளில் மகன் கையெழுத்துப் போடுகிறான். பணத்துக்கு நான் பொறுப்பு என்ற வரி அதில் இருந்தால், அப்பாவின் கடன் அந்த நொடியில் மகனுடையதாகிறது. அவசரச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை, பணம் கட்ட வழியில்லை என்பதற்காக உயிர் காக்கும் சிகிச்சையை மறுக்க முடியாது. 1986லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. கையெழுத்துப் போடும் முன் படிப்பதற்கு நேரம் கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தாங்கவில்லை என்றால் திவால் மனு. மஞ்சள் கடுதாசி கொடுத்த குடும்பம் என்ற பெயர் வந்துவிடுமோ என்று நம்மவர்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் நேர்மையாக இருந்தும் நொடித்துப்போனவர் மறுபடி எழுந்து நிற்கட்டும் என்றுதான் அமெரிக்கத் திவால் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. மனு தாக்கலான கணத்திலிருந்து வசூல் போன், வழக்கு, சம்பளப் பிடித்தம் எல்லாம் நின்றாக வேண்டும். மருத்துவக் கடன் அடமானமில்லாத சாதாரணக் கடன் என்பதால், தொகை எவ்வளவானாலும் தள்ளுபடியாகக்கூடியது. 401 கே சேமிப்பைக் கடன்காரர்கள் தொட முடியாது. அதைத்தான் பலர் முதலில் உடைத்து, வருமான வரியோடு பெரும்பாலும் 10 சதவீத அபராதமும் கட்டி, எப்படியும் தள்ளுபடியாகியிருக்கக்கூடிய கடனுக்குக் கொட்டுகிறார்கள்.

திவால் சட்டத்தில் இதற்கு வழிகள் இரண்டு: சேப்டர் 7, சேப்டர் 13. சேப்டர் 7இல் சில மாதங்களில் கடன் தள்ளுபடியாகும். கடனாளி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் விட்டுவைக்கும் விலக்குப் பட்டியலில் இல்லாத சொத்தை, வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி விற்கலாம். 2005 முதல் இதற்கு ஒரு வருமானச் சோதனை இருக்கிறது. கடந்த ஆறு மாத வருமானம் மாநிலத்தின் இடைநிலை அளவைத் தாண்டினால் இந்தக் கதவு மூடிக்கொள்ளலாம். அப்போது சேப்டர் 13: மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நீதிமன்றம் ஏற்ற தவணையைக் கட்டினால், மிச்சமுள்ள மருத்துவக் கடன் தள்ளுபடியாகும். ஐ.டி. சம்பளக்காரர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிதான் வாய்க்கும். மருத்துவக் கடனுக்கு மட்டும் என்று தனியாகத் திவால் கிடையாது. எல்லாக் கடனையும் எல்லாச் சொத்தையும் காட்டித்தான் ஆக வேண்டும்.

நம் குடும்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். உலகில் எங்கே இருந்தாலும் சொத்து சொத்துதான். தஞ்சாவூரில் இருக்கும் பாகம் பிரிக்காத நிலத்தில் உங்கள் பங்கு, இந்திய வங்கியில் உள்ள என்ஆர்ஓ கணக்கு, லாக்கரில் அம்மா வைத்திருக்கும் உங்கள் நகை எல்லாம் மனுவில் வர வேண்டும். மனு போட்ட 180 நாட்களுக்குள் உரிமையாகும் பரம்பரைச் சொத்துகூட இதில் சேரும். தெரிந்தே மறைத்தால் தள்ளுபடி மறுக்கப்படும்; ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. அவசரமாக நிலத்தைத் தங்கை பெயருக்கு எழுதி வைப்பதும் உதவாது. இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்த அப்படிப்பட்ட மாற்றத்தை டிரஸ்டி ரத்து செய்யக் கோரலாம். மாநிலச் சட்டங்களின்படி இன்னும் பின்னோக்கிப் போகவும் வழியிருக்கிறது.

மாமாவின் கடனுக்கு வருகிறேன். யாருக்குக் கொடுக்காவிட்டாலும் ஆபத்தில் கைகொடுத்த உறவுக்காவது முதலில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைப்பது நம் வளர்ப்பு. சட்டம் அதை, ஒரு கடன்காரரை மட்டும் தனியாகச் சலுகையோடு நடத்தியதாகப் பார்க்கிறது. மற்றவர்களுக்குக் கொடுத்ததை 90 நாட்கள் வரைதான் டிரஸ்டி பின்னோக்கிப் பார்ப்பார். நெருங்கிய உறவினருக்குக் கொடுத்ததை ஓராண்டு வரை. அந்தப் பணத்தை மாமாவிடமிருந்தே திருப்பிக் கேட்டு அவர் பெயரில் வழக்குப் போடலாம். நன்றிக்கடனைத் தீர்க்கப் போய் அவரையும் நீதிமன்றத்துக்கு இழுத்ததாகிவிடும். மனு முடிந்து தள்ளுபடி கிடைத்த பிறகு, உங்கள் புதிய சம்பாத்தியத்திலிருந்து மனமுவந்து அவருக்குக் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது. அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். தள்ளுபடியாவது மனு நாளுக்கு முந்தைய கடன் மட்டுமே. கீமோ சிகிச்சை பாதியில் இருக்கும்போது சேப்டர் 7 போட்டுவிட்டால், அடுத்த மாத பில் புதுக்கடன்; இன்னொரு சேப்டர் 7 தள்ளுபடிக்கு எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். வழக்கோ சம்பளப் பிடித்தமோ நெருக்காதவரை, சிகிச்சை ஓரளவு முடியட்டும் என்று காத்திருப்பதே நல்லது. ஆனால் நீதிமன்ற சம்மன் வந்தால் பதில் தராமல் இருக்காதீர்கள். பதில் இல்லையென்றால் தீர்ப்பு ஒருதலையாக வந்துவிடும்.

பின்விளைவுகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். சேப்டர் 7 கடன் அறிக்கையில் 10 ஆண்டு வரை நிற்கும். மனைவியும் கடனில் கையெழுத்திட்டிருந்தால் அவர் பொறுப்பு கணவனின் மனுவால் தீராது. திவால் மனு போட்டது ஒன்றே விசாவையோ குடியுரிமையையோ பறிக்காது. அதில் பொய் சொன்னால்தான் அந்த ஆபத்து. க்ரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் குடியேற்ற வக்கீலையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

சேப்டர் 7 நீதிமன்றக் கட்டணம் 338 டாலர். வருமானம் மிகக் குறைவாக இருந்தால் அதையும் தள்ளுபடி செய்யக் கேட்கலாம், தவணையிலும் கட்டலாம். மனுவுக்கு முந்தைய 180 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசனை வகுப்பு ஒன்றை முடித்திருக்க வேண்டும். திவால் வக்கீல்கள் பலர் முதல் ஆலோசனைக்குப் பணம் வாங்குவதில்லை. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. போகும்போது பில்களையும் சம்பளச் சீட்டுகளையும் மட்டும் கொண்டு போகாமல், ஊர் நிலத்தின் பட்டா, பாஸ்புக், நகைக்கடன் ரசீது இவற்றின் நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள்.