நாய் கடித்தால் முதலில் பீலிக்கரை, பிறகு ஆஸ்பத்திரி

பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் பிள்ளை மடுவத்துப் பிள்ளைகளின் நிறை பார்க்கும் வேலையாக ஒருநாள் போயிருந்தோம். நல்ல பனி. பிரட்டுக்குப் போகும் அக்காமாரோடு சேர்ந்து நாங்களும் லயத்துக்குப் பின்னால் உள்ள படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு செவலை நாய் வந்தது. குரைக்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வாயில் எச்சில் வடிய, எங்களைப் பார்த்தே வந்தது.

எங்களில் ஒருவர் குனிந்து கல்லெடுத்தார். லயத்து நாயாக இருந்தால் குனிந்தவுடனேயே வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருக்கும். இது ஓடவில்லை. ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. "ஓடாதீங்க, ஓடாதீங்க" என்று மேலே நின்ற கங்காணி ஐயா கத்தினார். ஆனால் அந்த நேரத்தில் யாருக்குக் காது கேட்கும்? எல்லோரும் ஓடினோம். கடைசியாக நின்ற அக்காவின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு, நாய் தேயிலைக்குள் இறங்கி மறைந்துவிட்டது. இடுப்பிலிருந்து தொங்கிய படங்கு குறுக்கே கிடந்ததால் பல் ஆழமாக இறங்கவில்லை. நாலு புள்ளி மாதிரிக் காயம், கொஞ்சம் இரத்தம், அவ்வளவுதான்.

அந்த அக்கா செய்த முதல் வேலை, சேலைத் தலைப்பால் இரத்தத்தைத் துடைத்தது. இரண்டாவது, கூடையைத் தூக்கித் தலையில் மாட்டியது. "சின்னக் கடிதானே, பேர் போயிரும் சார்" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

விசர்நாய்க்கடி நோய் என்று சுகாதாரப் பகுதியார் சொல்வதை நம் தோட்டங்களில் வெறிநாய்க்கடி என்கிறோம். இது ஒரு வைரஸ் கிருமியால் வருவது. நோய் பிடித்த மிருகத்தின் எச்சிலில் அந்தக் கிருமி இருக்கிறது. பல் பட்ட இடத்தின் வழியாக உள்ளே போகிறது. போனவுடன் ஒன்றும் தெரியாது. இரத்தத்தில் ஓடாமல் நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் எடுக்கும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வந்ததுண்டு, ஒரு வருடம் கழித்து வந்ததும் உண்டு. காலை விட முகம், கழுத்து, கைவிரல் போன்ற இடங்களில் கடித்தால் ஆபத்து அதிகம். முகமும் கழுத்தும் மூளைக்குப் பக்கம். கைவிரலில் நரம்பு நெருக்கமாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை நாய் பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும்தான் கடிக்கிறது, அவர்கள் உயரம் அப்படி.

கிருமி மூளைக்குப் போய் நோய் வெளிப்பட்டுவிட்டால் பிறகு எந்த ஆஸ்பத்திரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுக்கும், காற்றுப் பட்டாலும் பதறும். சில நாட்களில் உயிர் போய்விடும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இதற்குள்ளேயே நல்ல செய்தியும் இருக்கிறது. கிருமி மெதுவாக ஏறுகிறது என்பதால், அது போய்ச் சேருமுன் தடுப்பூசி வேலையைத் தொடங்கிவிடலாம். கடித்த பிறகும் ஊசி போட்டுத் தப்பக்கூடிய நோய் இது. அந்த அவகாசத்தை, ஒரு நாள் பேருக்காகவோ சின்னக் காயம் என்ற நினைப்பிலோ, நாம் வீணாக்கிவிடக் கூடாது.

1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அந்தத் தொகை ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்களுக்கு ஊசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஊசி கிடைத்ததும்தான் காரணம். இன்னமும் இறக்கிறவர்களில் பலர், ஆஸ்பத்திரிக்கே போகாதவர்கள் அல்லது காலம் கடந்து போனவர்கள்.

ஊசி கிடைக்காத காலம் எப்படி இருந்தது என்பதற்குக் குன்னூரைச் சொல்லலாம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சொந்தக்காரர் பலர் போய்ச் சேர்ந்த நீலகிரியில்தான் அந்த ஊர் இருக்கிறது. 1885இல் பாரிஸ் நகரத்தில் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ஜோசப் மைஸ்டருக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தை ஏற்றினார். பையன் பிழைத்தான். ஆனால் அந்த மருந்து தென்னிந்தியாவுக்கு வர இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற வெள்ளைக்காரப் பெண் நாய்க்கடியால் இந்த நோய் வந்து இறந்தார். அப்போது இந்தியாவில் மருந்து இருந்தது வடக்கே வெகுதூரத்தில் உள்ள கசௌலியில். பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கே அந்தக் கதி. அந்தச் சாவுக்குப் பிறகுதான் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். அன்று கசௌலி எவ்வளவு தூரம்! இன்று நமக்கு இரத்தினபுரி, கேகாலை, பலாங்கொடை, கறவனெல்லை என்று பஸ் போகும் தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஊசிக்குக் காசு இல்லை.

சரி, அந்த அக்காவை என்ன செய்தோம்? கங்காணி ஐயாவே கூடையை இறக்கி வைத்து, "மொதல்ல பீலிக்குப் போம்மா" என்றார். அவர் சொன்னதுதான் சரி. இந்த வைரஸுக்கு மேல் உறை கொழுப்பால் ஆனது. சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். அதனால் ஓடுகிற தண்ணீரில், சவர்க்காரம் நன்றாகப் போட்டு, பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமான நேரம். நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். ஐந்து நிமிடத்திலேயே அந்த அக்கா "போதும்" என்று காலை இழுத்துக்கொண்டார். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரமாக இருந்தாலும் பரவாயில்லை. பீலித் தண்ணீர் இருக்கும் லயத்தில் இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கழுவிய பிறகு மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் அப்ப வேண்டாம். எரிச்சல் வந்தால் விஷம் இறங்குகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் காயம் புண்ணாகி, கிருமி உள்ளே போகத்தான் அது வழி செய்யும். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மந்திரித்து நூல் கட்டுவதும் கோயிலுக்கு நேர்த்தி வைப்பதும் அவரவர் நம்பிக்கை, அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் ஊசி போட்டுவிட்டு வந்து கட்டிக்கொள்ளுங்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டிஸ்பென்சரி பூட்டியிருந்தால் துண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஊசி என்றவுடன் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பெரியவர்களைப் பல லயங்களில் பார்த்திருக்கிறோம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் ஒன்று இருந்தது உண்மைதான். அது மிருக மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. வலியும் அதிகம், சிலருக்குப் பக்க விளைவும் வந்தது. இலங்கையில் 1990களிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கையின் மேற்பகுதியில், தோலுக்குள், மெல்லிய ஊசி. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு ஏறத்தாழ ஒரு மாதத்தில் கடைசி என்பதுதான் வழக்கமான முறை. கர்ப்பிணித் தாய்மாரும், பால் கொடுக்கிறவர்களும், கைக்குழந்தையும் போட்டுக்கொள்ளலாம். காயம் மோசமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து ஏற்றுவார்கள். எது தேவை என்பதை டொக்டர் தீர்மானிப்பார். நாம் செய்ய வேண்டியது, குறித்த திகதிக்குத் தவறாமல் போவது. மூன்றாவது ஊசியோடு "சுகமாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிறவர்கள் அநேகர்.

நாலு நாள் ஆஸ்பத்திரிக்கு அலைவது நாள்கூலிக்காரருக்கு லேசான காரியமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பஸ் காசும் போகும், பேரும் போகும். அன்றைக்கு அந்த அக்காவின் கணக்கப்பிள்ளையிடமும் தோட்டத் தலைவரிடமும் நாங்களே போய்ப் பேசினோம். உங்கள் தோட்டத்தில் இப்படி நடந்தால் கடிபட்டவரைத் தனியே பேச விடாதீர்கள். நாலு பேர் சேர்ந்து போய்ச் சொன்னால் காரியம் நடக்கும்.

கடித்த நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாயை அடித்துக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். லயத்து நாயோ, தெரிந்தவர் நாயோ கடித்தால், கொல்லாமல் கட்டிப்போட்டுப் பதினான்கு நாள் பார்க்க வேண்டும். ஊசி போட்ட நாயா, இப்போது எப்படி இருக்கிறது என்று டொக்டர் கேட்பார். அதை வைத்துத்தான் வைத்தியம். அது இடையில் செத்தால் புதைத்துவிடாமல் உடனே பீ.எச்.ஐ. மாத்தயாவுக்குச் சொல்லுங்கள். தலையைக் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க முடியும். நாய் காணாமல் போனால் அது வெறிநாய் என்றே வைத்துக்கொண்டு உடனே ஊசியைத் தொடங்க வேண்டும்.

வெறி பிடித்த நாய் எல்லாம் பாய்ந்து கடிக்கும் என்றும் எண்ண வேண்டாம். சிலது ஊமை போலாகிவிடும். இருட்டு மூலையில் போய்ப் படுக்கும், கீழ்த்தாடை தொங்கும், சாப்பாட்டை விழுங்காது. "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு" என்று பாவம் பார்த்து வாய்க்குள் கையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டுக்கும் இதே மாதிரிதான். விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கும் மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டக் கையை வாய்க்குள் விடாதீர்கள், மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். பூனையும் இந்த நோயைக் கொடுக்கும். காட்டோரத் தோட்டங்களில் கீரி, நரி, மரநாய் கடித்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். ஆனாலும் நம் நாட்டில் பெரும்பாலும் நாயால்தான் இந்த நோய் மனிதருக்கு வருகிறது.

பாதையில் நாய் எதிர்த்து வந்தால் என்ன செய்வது? எங்களைப் போல ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் குணம். நின்ற இடத்தில் மரம் மாதிரி நில்லுங்கள். கையைத் தொங்கவிட்டு, நாயின் கண்ணை நேராகப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்னால் போங்கள். பாய்ந்தால் கூடையையோ குடையையோ மட்டக்கம்பையோ குறுக்கே கொடுங்கள், அதைக் கவ்வட்டும். விழுந்துவிட்டால் பந்து போலச் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகவே பழக்கலாம். குட்டி போட்ட நாய்க்கும் சாப்பிடுகிற நாய்க்கும் கிட்டே போகாதே என்று அடிக்கடி சொல்லுங்கள்.

லயத்தில் நாய் யாருடையது என்று கேட்டால் யாருமே "என்னுடையது" என்று சொல்வதில்லை. சோறு போடுவது மட்டும் ஆறு வீட்டார். ஊசி போடும் நாளில் அதைப் பிடித்துக்கொண்டு வர ஆளில்லை. 2006 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. கொன்றாலும் பயனில்லை, காலியான இடத்துக்கு வேறு நாய் வந்துவிடும். ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டிருந்தால் நோய் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது ஒரு லயத்தில் பத்து நாய் இருந்தால் ஏழு. நாய்க்கும் அரசாங்கம் இலவசமாகவே ஊசி போடுகிறது. எம்.ஓ.எச். கந்தோரில் கேட்டால் எந்தத் திகதியில் எங்கே என்று சொல்வார்கள். வருடத்துக்கு ஒரு தடவை, குட்டிகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். சோறு போடுகிற ஆறு வீட்டாரில் ஒருவர் கயிற்றைப் பிடித்தால் போதும்.

அந்தச் செவலை நாய் பிறகு அகப்படவேயில்லை. அக்கா அன்று பகலே ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் ஊசி போட்டார். மூன்றாம் நாள் அவரோடு அடுத்த லயத்து அம்மா ஒருவரும் ஒன்பது வயது மகனைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று காலை பள்ளிக்கூட பஸ்ஸுக்காக நம் பின்னாலேயே வந்த பையன் அவன். ஓடும்போது நாயின் பல் அவன் முழங்கையில் கீறியிருக்கிறது. அம்மா ஏசுவார் என்று நீளக் கைச் சட்டையைப் போட்டு இரண்டு நாளாக மறைத்திருக்கிறான். பீலியில் குளிக்கும்போது பாட்டிதான் கண்டிருக்கிறார். கண்டவுடன் ஏசவில்லையாம். "எப்படா இது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சவர்க்காரத்தைக் கையில் எடுத்திருக்கிறார்.

அடுத்த மாதம் நாங்கள் போனபோது அவர்கள் காம்பராவில் முருகன் படம் போட்ட கலண்டரில், அதே ஆணியிலேயே, ஆஸ்பத்திரித் துண்டு தொங்கியது. நாலு திகதியில் மூன்றைப் பையன் பென்சிலால் வெட்டியிருந்தான். நாலாவது வரும் புதன்கிழமை என்றான்.